அழைக்கப்படாதவர்களின் சமாதானம்

ஓர் ஊர் ஜமாஅத்தில் வழக்கு ஒன்று வருகிறது என்று வைத்துக் கொள்வோம். வீட்டு மனை பற்றிய தகராறு. பெரியவர்கள் கூடுகிறார்கள். ஒரு தரப்பினர் வந்து அமர்கின்றனர். மறுதரப்பினருக்குப் பதிலாக அவருடைய உறவினர் சிலரும், அடுத்த தெருக்காரர் சிலரும் அமர்கின்றனர். மனைக்கு உரிமை கோருபவரோ வாசலுக்கு வெளியே நிற்கிறார். உள்ளே பேசி முடித்துக் கையெழுத்தும் வாங்கி விடுகிறார்கள். வழக்குத் தீர்ந்தது என்று எவரேனும் நம்புவார்களா? இருதரப்பையும் அழைத்துக் கேட்டபின் செய்து வைப்பதல்லவா ஸுல்ஹு!

சிற்றூர்களும் அறிந்த இந்த எளிய நியதி, பாலஸ்தீனப் பிரச்சினையில் உலகப் பேரரசுகளால் நெடுங்காலம் மறக்கப்பட்டே வந்தது. அந்த மண்ணில் நடந்த போர்களின் கதையை நாம் நிறையப் படித்திருக்கிறோம். சமாதான முயற்சிகளின் கதையை அவ்வளவாகப் படித்ததில்லை. தூதர்கள் வந்தார்கள், மாநாடுகள் கூடின, உடன்படிக்கைகள் கையெழுத்தாயின, அவற்றுக்காக நோபல் பரிசுகளும் வழங்கப்பட்டன. ஆயினும் சமாதானம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே பின்தொடர்ந்து செல்வோம். சமாதானம் பேசப்பட்ட மேசையைச் சுற்றி யார் அமர்ந்திருந்தார்கள், யார் அமரவில்லை என்பதே அது.

காலி செய்யப்பட்ட இருக்கை

பாலஸ்தீன அரபியருக்குத் தொடக்கத்திலேயே இருக்கை மறுக்கப்பட்டு விடவில்லை. 1939இல் பிரிட்டிஷ் அரசு லண்டனில் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் கூட்டிய மாநாட்டில் அவர்களுடைய தூதுக்குழு இடம் பெற்றிருந்தது. அதில் பங்கு பெறுவதற்காகவே சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டிருந்த தலைவர்கள் விடுதலை செய்யப்பட்டனர். ஆனால் யூதத் தூதுக்குழுவுடன் ஓர் அறையில் அமர அரபுத் தரப்பு மறுத்துவிட்டது. பிரிட்டிஷ் அமைச்சர்கள் இருவரையும் தனித்தனியே சந்தித்துப் பேசினர். மாநாடு உடன்பாடின்றிக் கலைந்தது.

1947இல் பிரிட்டன் தன் பொறுப்பைக் கைகழுவி, பிரச்சினையை ஐக்கிய நாடுகள் சபையிடம் ஒப்படைத்தது. சபை 11 நாடுகள் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தது. அதில் இந்தியாவின் உறுப்பினராக இருந்தவர் நீதிபதி ஸர் அப்துர் ரஹ்மான். முன்னர் நம் சென்னை உயர்நீதிமன்றத்திலும் நீதிபதியாகப் பணியாற்றியவர். பெரும்பான்மையோர் நாட்டை இரண்டாகப் பிரிக்க வேண்டுமென்றனர். இந்தியாவும் ஈரானும் யூகோஸ்லாவியாவும், ஜெரூசலத்தைத் தலைநகராகக் கொண்ட ஒரே கூட்டாட்சி நாடாக அது இருக்க வேண்டுமென்று தனி அறிக்கை தந்தன. ஆனால் பாலஸ்தீன அரபியரின் உயர்மட்டக் குழு அந்த விசாரணையையே புறக்கணித்தது. தம் நாட்டின் உரிமை பிறர் விசாரணைக்கு உரியதன்று என்பது அவர்களின் வாதம். வாதத்தில் நியாயம் இருந்திருக்கலாம். விளைவு என்னவோ எதிர்த்தரப்பின் சாட்சியமே குழுவின் செவிகளை நிறைத்தது என்பதுதான். 1947 நவம்பர் 29இல் பொதுச்சபை பிரிவினையை ஏற்றது. ஆதரவு 33, எதிர்ப்பு 13, நடுநிலை 10. இந்தியா எதிர்த்து வாக்களித்தது.

அன்று தாமாகவே விட்டு எழுந்த இருக்கையைத் திரும்பப் பெறப் பாலஸ்தீனியருக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

சுவீடன் நாட்டுக் கோமகன்

1948 மே மாதம் இஸ்ரேல் பிரகடனம் செய்யப்பட்டது, அரபு நாடுகளின் படைகள் உள்ளே நுழைந்தன, போர் மூண்டது. சமாதானம் செய்து வைக்க ஐ.நா. சபை ஒரு நடுவரை நியமித்தது. அவர் சுவீடன் மன்னரின் சகோதரர் மகன், கோமகன் ஃபோல்க் பெர்னதோத். அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தின் தலைவர். 1945இல் ஹிட்லரின் ஆட்சி சரிந்து கொண்டிருந்த வேளையில், வெள்ளை வண்ணம் பூசிய பேருந்துகளை ஜெர்மனிக்குள் அனுப்பி, வதை முகாம்களிலிருந்து ஆயிரக்கணக்கானோரை மீட்டவர். மீட்கப்பட்டோருள் யூதர்களும் பல்லாயிரவர்.

ஜூன் 11இல் நான்கு வாரப் போர் நிறுத்தத்தை அவர் ஏற்படுத்தினார். மாதக் கடைசியில் முன்வைத்த முதல் திட்டத்தை இரு தரப்பும் தள்ளிவிட்டன. ஜூலையில் மீண்டும் போர் மூண்டது. பத்தே நாட்கள்தாம். அந்தப் பத்து நாட்களில் லித்தா, ரம்லா என்னும் இரு நகரங்களின் அரபு மக்கள் வெளியேற்றப்பட்டுக் கடும் வெயிலில் கிழக்கு நோக்கி நடந்தனர். அகதிகளின் நிலையைப் பெர்னதோத் நேரில் கண்டார். எல்லைக் கோடுகளைப் பற்றிப் பேச வந்தவரின் சிந்தனை, அதன்பின் மனிதர்களின் பக்கம் திரும்பியது.

செப்டம்பர் 16 தேதியிட்டு அவர் இரண்டாவது அறிக்கையை முடித்தார். இஸ்ரேல் என்ற நாடு உருவாகிவிட்டது, அதை ஏற்க வேண்டும் என்றார். கலிலேயா இஸ்ரேலுக்கும் நெகவ் பாலைவனம் அரபியருக்கும் உரியதாகலாம் என்றார். ஜெரூசலம் ஐ.நா.வின் மேற்பார்வையில் இருக்கட்டும் என்றார். இவற்றுக்கெல்லாம் மேலாக, வீடிழந்த அரபு மக்கள் இயன்ற அளவு விரைவில் தம் இல்லங்களுக்குத் திரும்பும் உரிமை பெற வேண்டும் என்றார். வெளிநாடுகளிலிருந்து யூதர்கள் வந்து குடியேறிக் கொண்டிருக்கையில், பல நூற்றாண்டுகள் அம்மண்ணில் வேரூன்றி வாழ்ந்தவர்களுக்கு வாசலை அடைப்பது நீதியின் அடிப்படைக்கே முரண் என்பது அவர் கருத்து.

மறுநாள், செப்டம்பர் 17. ஜெரூசலத்தின் கத்தமூன் பகுதியில் அவருடைய கார் மறிக்கப்பட்டது. லெஹி என்னும் யூதத் தீவிரவாதக் கும்பலைச் சேர்ந்தவன் சாளரத்தின் வழியே சுட்டான். பெர்னதோத்தும் அருகில் இருந்த பிரெஞ்சு அதிகாரி கர்னல் செரோவும் மாண்டனர். இஸ்ரேல் அரசு அக்கும்பலைத் தடை செய்தது. பலரைக் கைதும் செய்தது. ஆனால் அந்தக் கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. லெஹியின் மூன்று தலைவர்களுள் ஒருவரின் பெயர் இட்ஸாக் ஷமீர். அப்பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

நடுவர் மறைந்தாலும் அவருடைய அறிக்கை மறையவில்லை. அகதிகள் திரும்பும் உரிமை பற்றி அவர் எழுதியது, 1948 டிசம்பர் 11இல் பொதுச்சபையின் 194ஆம் தீர்மானத்தில் இடம் பெற்றது. திரும்பி வந்து அண்டை அயலாருடன் அமைதியாக வாழ விரும்புவோரை அனுமதிக்க வேண்டும். திரும்ப விரும்பாதோருக்கு இழப்பீடு தர வேண்டும் என்பது அதன் சாரம். அந்தத் தீர்மானம் இன்றும் ஏட்டில் இருக்கிறது.

ரோட்ஸ் தீவில் வரைந்த கோடு

பெர்னதோத்தின் இடத்துக்கு அவருடைய துணைவர் ரால்ஃப் பன்ச் வந்தார். அமெரிக்கக் கறுப்பினத்தவரான இந்த அறிஞர், கிரேக்க நாட்டின் ரோட்ஸ் தீவில் ஒரு ஹோட்டலில் இஸ்ரேலியரையும் எகிப்தியரையும் கொண்டு வந்து இருத்தினார். 1949 ஜனவரி 13இல் பேச்சு தொடங்கியது. தொடக்கத்தில் நேருக்கு நேர் பேச அவர்கள் தயங்கியபோது, அறைக்கு அறை தாமே நடந்து செய்தி சுமந்தார். அலங்காரத் தட்டுகளை முன்கூட்டியே செய்வித்து வைத்திருந்தாராம். உடன்பாடு ஏற்பட்டால் இவை உங்களுக்கு நினைவுப் பரிசு, ஏற்படாவிட்டால் உங்கள் தலையில் உடைப்பேன் என்று வேடிக்கையாகச் சொன்னதாகக் கூறுவர்.

பிப்ரவரி 24இல் எகிப்தும், மார்ச் 23இல் லெபனானும், ஏப்ரல் 3இல் ஜோர்தானும், ஜூலை 20இல் சிரியாவும் இஸ்ரேலுடன் போர்நிறுத்த உடன்படிக்கை செய்து கொண்டன. இந்த அரிய சாதனைக்காக 1950இல் பன்ச்சுக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. கறுப்பினத்தவர் ஒருவர் நோபல் பரிசு பெற்றது அதுவே முதல் முறை.

அவருடைய திறமையில் குறை காண்பதற்கில்லை. ஆனால் அந்த நான்கு உடன்படிக்கைகளிலும் கையெழுத்திட்டவர்கள் யார் என்று பார்த்தால், எந்த மண்ணைப் பற்றிப் பேச்சு நடந்ததோ அந்த மண்ணின் அரபு மக்கள் சார்பில் ஒரு கையெழுத்துக்கூட இல்லை. எகிப்தும் ஜோர்தானும் பாலஸ்தீனத்தின் எஞ்சிய பகுதிகளைத் தம் படைகளின் பிடியில் வைத்திருந்தன. ஆகவே அவையே அம்மக்களுக்காகவும் பேசின.

அப்படிப் பேசியதன் பொருள் என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டு விளக்கும். ஜோர்தானுடன் செய்த உடன்படிக்கையின்படி, நாட்டின் நடுப்பகுதியில் அரபுச் சிற்றூர்கள் நிறைந்த ஒரு நீண்ட நிலப்பகுதி இஸ்ரேலிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வூர்களைப் போரில் இஸ்ரேல் பிடிக்கவில்லை. மன்னர் அப்துல்லாஹ் இணங்கினார், ஊர்கள் கைமாறின. அங்கே குடியிருந்தோரை எவரும் கேட்கவில்லை. பர்தஆ என்னும் சிற்றூரின் நடுவே கோடு விழுந்தது. ஒரே ஊர், ஒரே உறவுமுறை. ஒரு பாதி இஸ்ரேலில், மறுபாதி ஜோர்தானில். கல்கீலியா நகரத்து மக்களின் வீடுகள் கோட்டுக்கு இப்பால், வயல்களும் தோட்டங்களும் அப்பால். பச்சைக் கோடு என்று உலகம் அழைக்கும் எல்லை பிறந்த கதை இது. அது நிலையான அரசியல் எல்லையன்று, தற்காலிகப் போர்நிறுத்தக் கோடு மட்டுமே என்று உடன்படிக்கை எழுதி வைத்தது. தற்காலிகம் என்ற சொல் பாலஸ்தீன வரலாற்றில் எத்தனை நீண்ட ஆயுள் பெற்றது!

லௌசானின் வாசலில்

போர் நின்றது. இனிச் சமாதானம் காண வேண்டுமென்று அமெரிக்கா, பிரான்ஸ், துருக்கி ஆகிய மூன்று நாடுகள் அடங்கிய ஐ.நா. சமரசக் குழு, 1949 ஏப்ரல் 27இல் சுவிட்சர்லாந்தின் லௌசான் நகரில் மாநாட்டைக் கூட்டியது. எகிப்து, ஜோர்தான், லெபனான், சிரியா ஆகிய நாடுகள் ஒரு புறம். இஸ்ரேல் மறு புறம். இங்கும் அரபுத் தூதுக்குழுக்கள் இஸ்ரேலியருடன் ஒரே மேசையில் அமரவில்லை. மே 12இல் பேச்சின் அடிப்படை பற்றிய குறிப்பில் கையெழுத்திட்டபோதுகூட, இரு தரப்பும் தனித்தனிப் படிகளில் கையெழுத்திட்டன. அதற்கு முந்திய நாள்தான் இஸ்ரேல் ஐ.நா. சபையின் உறுப்பு நாடாகியிருந்தது.

லௌசானுக்கு அழையாத விருந்தாளிகளாகச் சிலர் வந்து சேர்ந்தனர். ராமல்லாவில் கூடிய அகதிகள் பேராயம் அனுப்பிய தூதுவர்கள் அவர்கள். யாஃபாவிலிருந்து துரத்தப்பட்ட வழக்கறிஞர் அஜீஸ் ஷஹாதா அவர்களுள் ஒருவர். அகதிகளின் பெயரால் பேசுவதற்கு எங்களை விட உரிமை பெற்றவர் யார் என்று அவர்கள் கேட்டனர். சமரசக் குழு அவர்களின் மனுவை வாங்கிக் கொண்டது, மரியாதையுடன் கேட்டது, மாநாட்டின் ஒரு தரப்பாக மட்டும் ஏற்கவில்லை. அரபு அரசுகளும் அவர்களை விரும்பவில்லை. ஏறத்தாழ 7 லட்சம் மக்கள் வீடிழந்து கிடந்தார்கள். அவர்களைப் பற்றி எல்லாரும் பேசினர். அவர்களோடு பேசியவர் எவருமில்லை.

அமெரிக்காவின் வற்புறுத்தலால் ஒரு லட்சம் அகதிகளைத் திரும்ப ஏற்பதாக இஸ்ரேல் கூறியது. அதையும் முழுச் சமாதானத்துக்கான நிபந்தனையாகவே கூறியது. முதலில் அகதிகள் திரும்பட்டும், பிறகு மற்றவை என்று அரபுத் தரப்பு நின்றது. செப்டம்பரில் மாநாடு ஓய்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அகதிகளுக்கான ஐ.நா. நிவாரண நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. உரிமையைப் பற்றிய கேள்வி, கோதுமை மாவும் கூடாரமும் பற்றிய கேள்வியாகச் சுருங்கிவிட்டது.

பெயர் சொல்லாத தீர்மானம்

1967 ஜூன் போரில் மேற்குக் கரையும், காஸாவும், பைத்துல் முகத்தஸ் அமைந்த கிழக்கு ஜெரூசலமும், சினாய் தீபகற்பமும், கோலான் குன்றுகளும் இஸ்ரேலின் கைக்கு வந்தன. நவம்பர் 22இல் பாதுகாப்புச் சபை 242ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. போரினால் நிலத்தைக் கைப்பற்றுதல் ஏற்கத்தக்கதன்று. கைப்பற்றிய பகுதிகளிலிருந்து இஸ்ரேல் வெளியேற வேண்டும். அப்பகுதியின் எல்லா நாடுகளும் அச்சமின்றி வாழ வேண்டும் என்றது. அதன்பின் வந்த பேச்சுகள் எல்லாவற்றுக்கும் அதுவே மூலமந்திரம் ஆயிற்று.

எல்லாப் பகுதிகளிலிருந்துமா, சில பகுதிகளிலிருந்தா என்பதில் ஆங்கில மூலமும் பிரெஞ்சு மூலமும் வேறுபட்டன. அந்த ஒரு சொல்லைப் பற்றி நூலகம் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதைவிடப் பெரிய ஒரு குறை கண்முன்னே கிடக்கிறது. அந்தத் தீர்மானத்தில் பாலஸ்தீனியர் என்ற சொல்லே இல்லை. அகதிகள் பிரச்சினைக்கு நியாயமான தீர்வு காண வேண்டும் என்று ஒரு வரி மட்டும் உண்டு. எந்த அகதிகள்? எந்நாட்டார்? தீர்மானம் சொல்லவில்லை.

1973 டிசம்பரில் ஜெனீவாவில் சமாதான மாநாடு கூடியது. சிரியா வரவில்லை, ஆயினும் அதன் பெயர்ப்பலகையுடன் ஒரு மேசை காலியாகவே போடப்பட்டிருந்தது. வராத நாட்டுக்கும் மேசை உண்டு. பாலஸ்தீனியருக்கோ காலி மேசைகூட இல்லை.

மேசைக்கு வெளியே அவர்களின் நிலை மெல்ல மாறி வந்தது. 1974 அக்டோபரில் ரபாத் மாநாட்டில், பாலஸ்தீன மக்களின் ஒரே சட்டபூர்வப் பிரதிநிதி பாலஸ்தீன விடுதலை இயக்கமே என்று அரபு நாடுகள் ஏற்றன. அடுத்த மாதம் யாசிர் அரஃபாத் ஐ.நா. பொதுச்சபையில் உரையாற்றினார்; இயக்கத்துக்குப் பார்வையாளர் தகுதி கிடைத்தது. ஆனால் 1975இல் அமெரிக்கா, இஸ்ரேலின் உரிமையையும் 242ஆம் தீர்மானத்தையும் ஏற்காத வரை அவ்வியக்கத்துடன் பேசுவதில்லை என்று இஸ்ரேலுக்கு வாக்களித்தது. அந்த வாக்குறுதி எத்துணைக் கடுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டது! 1979இல் ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் ஆண்ட்ரூ யங், இயக்கத்தின் பிரதிநிதியை ஒரு முறை சந்தித்தது வெளியானதும் பதவி விலக நேர்ந்தது.

1978 செப்டம்பரில் அமெரிக்காவின் கேம்ப் டேவிடில் ஜனாதிபதி கார்ட்டர், சாதாத், பெகின் மூவரும் 13 நாட்கள் தங்கிப் பேசினர். இரண்டு ஆவணங்கள் பிறந்தன. ஒன்று எகிப்து–இஸ்ரேல் உறவு பற்றியது. அதற்குரிய இரு தரப்பும் அங்கே இருந்தன. அது நிறைவேறியது, 1979இல் ஒப்பந்தமாயிற்று, 1982 ஏப்ரலில் சினாய் எகிப்துக்குத் திரும்பியது. மற்றொன்று மேற்குக் கரை, காஸா மக்களின் தன்னாட்சி பற்றியது. அதற்குரிய மக்கள் அங்கே இல்லை. பின்னர் நடந்த தன்னாட்சிப் பேச்சிலும் கலந்து கொள்ள அவர்கள் மறுத்துவிட்டனர். அது நிறைவேறவில்லை. ஒரே இடத்தில், ஒரே நாளில், ஒரே மூவரால் கையெழுத்திடப்பட்ட இரண்டில் ஒன்று வாழ்ந்தது, ஒன்று மடிந்தது. இதைவிடத் தெளிவான பாடம் வேறென்ன வேண்டும்?

தாழ்வாரத்துச் சோபா

1987 டிசம்பரில் காஸாவில் தொடங்கிய இன்திஃபாழா, கற்களைக் கையிலெடுத்த சிறுவர்களின் எழுச்சி, பாலஸ்தீனியர் என்றொரு மக்கள் இருக்கிறார்கள் என்பதை மறுக்க முடியாதபடி செய்துவிட்டது. 1988 நவம்பர் 15இல் அல்ஜியர்ஸ் நகரில் பாலஸ்தீன நாடு பிரகடனம் செய்யப்பட்டது. இந்தியா உடனே அதை ஏற்றது. அரஃபாத் நியூயார்க் வர அமெரிக்கா விசா மறுத்தது. உலக நாடுகள் என்ன செய்தன? அவருடைய உரையைக் கேட்பதற்காகப் பொதுச்சபையே டிசம்பரில் ஜெனீவாவுக்குச் சென்று கூடியது.

1991 அக்டோபர் 30இல் மாட்ரிட் மாநாடு. முதல் முறையாகப் பாலஸ்தீனியருக்கு இருக்கை கிடைத்தது. அதுவும் முழு இருக்கையன்று. ஜோர்தானியக் குழுவின் ஒரு பகுதியாக வர வேண்டும். விடுதலை இயக்கத்தவர் இருக்கக் கூடாது. கிழக்கு ஜெரூசலத்தாரும் புலம்பெயர்ந்தோரும் கூடாது என்ற நிபந்தனைகளின் பேரில் கிடைத்த இடம். அக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் காஸாவைச் சேர்ந்த மருத்துவர் ஹைதர் அப்துஷ் ஷாஃபி. அன்று 72 வயது நிறைந்திருந்த அம்முதியவர், இஸ்ரேலிய மக்களையே நேராக விளித்து, நெடுங்காலம் வேதனையைப் பரிமாறிக் கொண்டோம், இனி நம்பிக்கையைப் பகிர்ந்து கொள்வோம் என்னும் பொருள்படப் பேசினார். எதிர்ப்புறம் இஸ்ரேலின் பிரதமராக அமர்ந்திருந்தவர் யார்? அதே இட்ஸாக் ஷமீர். 43 ஆண்டுகளுக்கு முன் சமாதான நடுவரைக் கொன்ற கும்பலின் தலைவர்களுள் ஒருவர், சமாதான மாநாட்டின் மேசைக்கு வந்திருந்தார். மனிதர்கள் மாறுகிறார்களோ இல்லையோ, காலம் அவர்களைக் கொண்டு வந்து நிறுத்துகிறது.

டிசம்பரில் பேச்சு வாஷிங்டனுக்கு மாறியது. பாலஸ்தீனியர் தனித் தரப்பாக ஓர் அறையில் அமர்வதா, ஜோர்தானியருடன் சேர்ந்து அமர்வதா என்பதில் தகராறு எழுந்தது. முடிவு காணும் வரை எந்த அறைக்குள்ளும் நுழைய முடியாமல், குழுத் தலைவர்கள் அமெரிக்க வெளியுறவு அலுவலகத்தின் தாழ்வாரத்தில் கிடந்த சோபாவில் அமர்ந்தே பேசினர். நாட்கள் அப்படியே கழிந்தன.

நார்வேயின் பனிக்காலம்

வாஷிங்டனில் பேச்சு இழுபட்டுக் கொண்டிருக்கையில், 1993 ஜனவரியில் நார்வேயின் சார்ப்ஸ்போர்க் அருகே ஒரு பண்ணை மாளிகையில் நால்வர் ஐவர் கூடினர். இஸ்ரேலியப் பேராசிரியர்கள் இருவர். விடுதலை இயக்கத்தின் நிதிப்பொறுப்பாளர் அஹ்மத் குரை என்னும் அபூ அலாவும் அவருடைய துணைவர்களும். நடுவே நார்வே நாட்டு ஆய்வாளர் தெர்யே ரோத் லார்சன். ஆராய்ச்சிக் கருத்தரங்கு என்பது வெளியுலகுக்கு. உள்ளே ஒன்றாக உண்டு, ஒரே கூரையின் கீழ் உறங்கி, ஒரே மேசையில் பேசினர். சில மாதங்களில் இஸ்ரேலிய அரசு அதிகாரிகளும் வந்து சேர்ந்தனர். ஐம்பதாண்டுக் காலம் எவரும் செய்யாத ஒன்றை அவர்கள் செய்தனர். வழக்குக்குரிய இருவர் நேருக்கு நேர் பேசினர்.

1993 செப்டம்பர் 13இல் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் ராபினும் அரஃபாத்தும் கை குலுக்கிய காட்சியை உலகமே கண்டது. கண்ணீர் மல்கியவர்கள் இரு மக்களிலும் இருந்தனர்.

ஆனால் கைகுலுக்கலுக்கு முன் பரிமாறப்பட்ட, செப்டம்பர் 9 தேதியிட்ட இரண்டு கடிதங்களை ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். அரஃபாத்தின் கடிதம், இஸ்ரேல் நாடு அமைதியுடனும் பாதுகாப்புடனும் வாழும் உரிமையை ஏற்றது. ராபினின் கடிதம், விடுதலை இயக்கத்தைப் பாலஸ்தீன மக்களின் பிரதிநிதியாக ஏற்றது. ஒருவர் மற்றவரின் நாட்டை ஏற்றார். மற்றவர் இவரின் இருக்கையை ஏற்றார். பாலஸ்தீன நாடு பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

ஒப்பந்தமோ, ஐந்தாண்டு இடைக்கால ஏற்பாடு. ஜெரூசலம், அகதிகள், யூதக் குடியேற்றங்கள், பாதுகாப்பு, எல்லைகள் ஆகியவற்றைப் பிறகு பேசுவதாக ஒத்தி வைத்தார்கள். அதாவது, சண்டைக்குக் காரணமான அனைத்தும்! முதலில் நம்பிக்கை வளரட்டும், கடினமான கேள்விகளைப் பிறகு எடுப்போம் என்பது அவர்களின் எண்ணம். தூய எண்ணம்தான். எனினும் காஸாவின் மருத்துவர் அப்துஷ் ஷாஃபி இதை ஏற்கவில்லை. குடியேற்றங்களை நிறுத்த வேண்டுமென்ற உறுதிமொழி இல்லாத ஒப்பந்தம் எங்கே கொண்டு போய் விடும் என்று அவர் கேட்டார்.

அவருடைய கேள்விக்குக் காலமே விடை சொன்னது. 1993இல் மேற்குக் கரையில், கிழக்கு ஜெரூசலம் நீங்கலாக, சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் யூதக் குடியேறிகள் இருந்தனர். 2000இல் அவர்கள் 2 லட்சத்தை நெருங்கினர். 2023இல் அத்தொகை 5 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 1995இன் இரண்டாம் ஒப்பந்தம் மேற்குக் கரையை ஏ, பி, சி என மூன்றாகப் பிரித்தது. முழுவதும் இஸ்ரேலின் பிடியிலிருந்த சி பகுதி, 60 விழுக்காட்டுக்குக் குறைந்ததே இல்லை. அதுவும் இடைக்கால ஏற்பாடுதான். இடைக்காலம் 1999 மே மாதம் முடிந்திருக்க வேண்டும்!

ஒத்தி வைத்த காலத்தை நல்லவர்கள் மட்டும் பயன்படுத்தவில்லை. 1994 பிப்ரவரி 25, ரமலான் மாத வைகறை. ஹெப்ரோனின் இப்ராஹீமி பள்ளிவாசலில் ஃபஜ்ருத் தொழுகையில் இருந்தோர் மீது யூதக் குடியேறி ஒருவன் சுட்டதில் 29 பேர் மாண்டனர். அடுத்து வந்த மாதங்களில் ஹமாஸின் மனித வெடிகுண்டுகள் இஸ்ரேலிய நகரங்களில் பேருந்தில் சென்ற அப்பாவிகளைப் பலி கொண்டன. 1995 நவம்பர் 4இல் சமாதானப் பேரணி முடிந்து திரும்பிய ராபினை யூத இளைஞன் ஒருவனே சுட்டுக் கொன்றான். பெர்னதோத்தைக் கொன்ற அதே வெறி, இம்முறை தன் பிரதமரையே கொன்றது.

2000 ஜூலையில் கேம்ப் டேவிடிலும், 2001 ஜனவரியில் எகிப்தின் தபாவிலும் கடினமான கேள்விகள் இறுதியாக மேசைக்கு வந்தன. தபாவில் இருதரப்பும் முன்னெப்போதையும் விட நெருங்கி வந்தன. ஆனால் அதற்குள் இரண்டாவது இன்திஃபாழா மூண்டிருந்தது, இஸ்ரேலியத் தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தன, காலம் கடந்துவிட்டது.

மீண்டும் காலி இருக்கை

2002 மார்ச் 28இல் பெய்ரூத்தில் கூடிய அரபு உச்சி மாநாடு, சவூதி பட்டத்து இளவரசர் அப்துல்லாஹ் முன்வைத்த திட்டத்தை ஏற்றது. 1967 எல்லைகளுக்கு இஸ்ரேல் திரும்பினால், பாலஸ்தீன நாடு அமைந்தால், அகதிகளுக்கு இணக்கமான நீதி கிடைத்தால், அரபு நாடுகள் அனைத்தும் இஸ்ரேலுடன் இயல்பான உறவு கொள்ளும் என்றது. 1949இல் ஒரே மேசையில் அமர மறுத்த அரபு உலகம் எவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தது என்பதற்கு அது சான்று. ஆனால் முந்திய இரவு நெத்தன்யா நகரில் யூதர்களின் பாஸ்கா விருந்தில் வெடித்த குண்டு 30 உயிர்களைக் குடித்திருந்தது. மறுநாள் இஸ்ரேலியப் படை மேற்குக் கரைக்குள் பாய்ந்தது. ராமல்லாவில் முடக்கப்பட்டிருந்த அரஃபாத்தால் பெய்ரூத்துக்குச் செல்லவே முடியவில்லை.

2020 ஜனவரியில் வாஷிங்டனில் ஒரு சமாதானத் திட்டம் வெளியிடப்பட்டது. மேடையில் அமெரிக்க ஜனாதிபதியும் இஸ்ரேலியப் பிரதமரும் இருந்தனர். பாலஸ்தீனியர் ஒருவரும் இல்லை. அவ்வாண்டு செப்டம்பரில் அமீரகமும் பஹ்ரைனும் இஸ்ரேலுடன் உறவு ஏற்படுத்திக் கொண்டன. பாலஸ்தீனியரை ஒதுக்கி வைத்தே அப்பகுதியில் சமாதானம் காணலாம் என்று பலர் நம்பத் தொடங்கினர். 2023 அக்டோபர் 7இல் ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டனர். சுமார் 250 பேர் பிணையாகக் கொண்டு செல்லப்பட்டனர். தொடர்ந்து காஸா மீது இஸ்ரேல் நடத்திய போரில், 2025 அக்டோபரில் போர்நிறுத்தம் வருவதற்குள் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாகக் காஸாவின் சுகாதாரத் துறை கணக்கிட்டது. அவர்களுள் குழந்தைகள் பல்லாயிரவர். ஒதுக்கி வைத்துக் காணும் சமாதானம் என்ற நம்பிக்கையும் அந்த இடிபாடுகளில் புதைந்தது.

2025 செப்டம்பரில் பிரிட்டன், பிரான்ஸ், கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகள் பாலஸ்தீன நாட்டை ஏற்றன. 1947இல் பொறுப்பைக் கைகழுவிய பிரிட்டன் இந்த ஒரு சொல்லைச் சொல்ல 78 ஆண்டுகள் எடுத்துக் கொண்டது. அதே மாதம் நியூயார்க்கில் பொதுச்சபை கூடியபோது, பாலஸ்தீனத் தலைவர் மஹ்மூத் அப்பாஸுக்கு அமெரிக்கா விசா மறுத்தது. 1988இல் சபை ஜெனீவாவுக்குப் பயணம் செய்தது. 2025இல் அவர் ராமல்லாவில் இருந்தபடி பேச, சபை திரையில் பார்த்துக் கொண்டது. அவர் வர வேண்டிய இருக்கை அங்கேயே இருந்தது. அவர் அங்கே இல்லை.

இந்த நெடிய வரலாற்றில் குற்றம் ஒரு பக்கம் மட்டும் இல்லை. தம் இருக்கையைத் தாமே காலி செய்த தவற்றைப் பாலஸ்தீனத் தலைவர்கள் செய்தார்கள். அவர்களுக்காகப் பேசுவதாகச் சொல்லித் தமக்காகப் பேசிக் கொண்டவை அரபு அரசுகள். ஐரோப்பாவின் வதை முகாம்களிலிருந்து தப்பி வந்த ஒரு மக்களின் அச்சம் பொய்யன்று. ஆனால் அந்த அச்சத்தைப் போக்க இன்னொரு மக்களின் இருப்பையே மறுக்கலாம் என்று எண்ணியது இஸ்ரேலின் பெரும் பிழை. நடுவர்களாக வந்த வல்லரசுகளோ, ஒரு தரப்பின் தோளில் கை போட்டுக் கொண்டே தராசைப் பிடித்தன.

இனியும் மாநாடுகள் கூடும், திட்டங்கள் அறிவிக்கப்படும், பத்திரிகைகள் அவற்றை வரலாற்றுச் சிறப்பு மிக்கவை என்று எழுதும். அப்போது நாம் இரண்டே கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். எவருடைய வீடும் வயலும் கல்லறையும் அந்த மண்ணில் இருக்கின்றனவோ, அவர்கள் மேசையில் இருக்கிறார்களா? எதற்காக இத்தனை உயிர்கள் போயினவோ, அது அன்றைக்கே பேசப்படுகிறதா, மீண்டும் ஒத்தி வைக்கப்படுகிறதா? இரண்டுக்கும் நல்ல விடை கிடைக்கும் நாளில், பர்தஆ என்னும் அந்தச் சிற்றூரின் நடுவே விழுந்த கோட்டுக்கும் ஒரு விடை கிடைக்கக் கூடும்.